விலக்கப்பட்டவர்களுக்கு ஒரு திரை

இஸ்ரேலில் இராணுவ சேவை கட்டாயம். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சேவைக்காலமே பிற்காலத் தொழிலுக்கும் வாசலாக இருக்கும் நாட்டில், அந்த விலக்குப் பலருக்குப் புறந்தள்ளலாகவே பட்டது. 2013இல் தொடங்கிய 'ரோயிம் ரஹோக்' திட்டம் அவர்களைப் பயிற்றுவித்துத் தொண்டர்களாகச் சேர்க்கிறது. 9900 எனும் புலனாய்வுப் பிரிவில் செய்மதிப் படங்களையும் வான்படங்களையும் மணிக்கணக்கில் ஒப்பிட்டு, பிறர் தவறவிடும் சிறு மாற்றத்தையும் கண்டுபிடிக்கிறார்கள். குடிசார் வேலைக்குத் தயார்ப்படுத்துவதும் திட்டத்தின் நோக்கம்.

ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த இந்த இடத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இலங்கை விமானப்படையும் இஸ்ரேலியத் தயாரிப்பு வேவு விமானங்களைப் பறக்கவிட்டது. வன்னியில் வேவு விமானத்தை 'வண்டு' என்போம். இரைச்சல் கேட்டதும், புகை தெரியக்கூடாதென்று அம்மா அடுப்பை நூர்த்துவிடுவார். அந்தப் புகையைத் திரையில் தேடுபவர் யாரென்று அப்போது நான் யோசித்ததில்லை.