கோயிலும் சேரியும்: சோழர் காலத்து ஊர் வாழ்வு

திருக்காட்டுப்பள்ளி என்னும் நம் ஊர்ப்பெயரிலுள்ள ‘பள்ளி’ என்னும் சொல்லை மாணவர்களுக்கு நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. பண்டை நாளில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடம் பள்ளி எனப்பட்டது. அவர்கள் அங்கே எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடமும் பின்னர் அப்பெயர் பெற்றது என்பர் அறிஞர். நம் ஊர்ப்பெயருக்கும் அதுவே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. குடமுருட்டிக் கரையில் அமைந்த தீயாடியப்பர் கோயில் 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். திருவெண்காட்டருகே மற்றொரு காட்டுப்பள்ளி இருப்பதால் இது மேலைத் திருக்காட்டுப்பள்ளி எனப்படும். இதன் கருவறையைப் படிகளில் கீழிறங்கியே அடைய வேண்டும்.

இத்தகைய கோயில்களின் வரலாற்றை எழுதுவோர், கட்டிய மன்னனையும் பாடிய அடியாரையும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். கோயிலைச் சுற்றியிருந்த ஊரார் எவ்வாறு வாழ்ந்தனர், அவர்களுள் நம் முன்னோர் எங்கே இருந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவேதான் நம் இளைஞருட் சிலர், ‘நமக்கு ஏது வரலாறு?’ என்கின்றனர். வரலாறு கல்லிலேயே இருக்கிறது. நாம் அதைப் படிக்காமல் இருந்துவிட்டோம்.

சோழர் காலத்தில் கோயில் வழிபாட்டிடம் மட்டும் அன்று. ஊரின் களஞ்சியமும் வட்டிக்கடையும் அதுவே. தஞ்சைப் பெரிய கோயிலின் பொருளை ஊர்ச்சபைகள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கடனாகப் பெற்றன. ஒரு விளக்கு அணையாது எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. ஈன்று பெருகி எண்ணிக்கை குறையாதிருப்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் கிடைத்தன. கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோருக்கும் பங்குகள் இருந்தன. இத்தனை நெல்லையும் விளைவித்துக் கொடுத்தவர் யார்?

அதற்கு விடை அக்கோயிற் கல்வெட்டுகளிலேயே உள்ளது. ஏறத்தாழ 1014-ஆம் ஆண்டில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு அங்கே பொறிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்பெறாத நிலங்கள் முதலில் கழிக்கப்படுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அப்பட்டியல் செல்கிறது. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் அங்கே காணப்படுகிறது. தீண்டாமை நேற்று முளைத்தது என்போர் இச்சொல்லைக் காண்பாராக.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘சேரி’ என்பது அந்நாளில் இழிசொல் அன்று. மக்கள் சேர்ந்து வாழும் பகுதி சேரி. உத்தரமேரூரில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரிகளே. பிற்காலத்தில் அச்சொல் நம்மேல் மட்டும் நின்றுவிட்டது. பறைச்சேரிக்கு வரி இல்லாததை மன்னனின் கருணை என்று பாராட்டுவோரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் வரி இல்லை. விளையாத நிலத்துக்கு வரி ஏது? விளையும் நிலத்தில் உழைத்தவரின் குடியிருப்பு விளையாத நிலத்தோடு எண்ணப்பட்டது, அவ்வளவே.

‘வெட்டி’ என்பது கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற மற்றொரு சொல். கூலியின்றி ஊருக்குச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்கு அது பெயர். காவிரியின் கிளைவாய்க்கால்கள் தூர்ந்து போகாமல் காத்தவை இத்தகைய உழைப்பாளரின் கைகளே. இன்று பயனற்ற செயலை ‘வெட்டி வேலை’ என்கிறோம். சோழநாட்டைச் சோறுடைத்தாக்கிய உழைப்பின் பெயருக்கு நேர்ந்த கதி இது!

கல்வெட்டு சேரியின் பெயரை மட்டும் தருகிறது. அச்சேரிக்குள் நம்மை அழைத்துச் செல்பவர் 12-ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். ஆதனூர்ச் சேரியின் குடிசைகளையும், கோழிக் குஞ்சுகளையும், மரநிழலையும், நெற்குற்றும் பெண்களையும் அவர் அருகிருந்து கண்டவர்போல் பாடுகிறார். அங்கே பிறந்த நந்தனார் கோயில்தோறும் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அளித்தார். அவர் கொடுத்த தோலில் எழுந்த ஒலி கருவறை வரை சென்றது. அவரோ வாயிற்புறத்தே நின்றார். திருப்புன்கூரில் அவர் வெட்டியதாகக் கூறப்படும் குளம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

மேடைகளில் நாம் கேட்கும் நந்தன் கதையில் கொடிய பண்ணையார் ஒருவர் வருகிறார். சேக்கிழாரிடம் அப்பண்ணையார் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த பாத்திரம் அவர். சேக்கிழாரின் நந்தனார் ஊரார் விட்ட ‘பறைத்துடவை’ என்னும் நிலத்தைத் தம் உணவுரிமையாகக் கொண்டவர். உரிமை என்ற சொல்லை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நிலம் பிச்சையன்று, தொழிலுக்கு ஈடாக ஊர் அளித்த பங்கு. அப்பங்கு இருந்தும் கோயில் வாயில் திறக்கவில்லை என்பதே அக்கதையின் கொடுமை. தில்லையில் தீப்புகுந்து வெளிவந்த பின்னரே அவருக்கு உள்ளே வழி கிடைத்தது.

மற்றவர்களுக்கு வழி கிடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட நம்மவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதே ஆண்டில், தஞ்சை அரண்மனைத் தேவஸ்தானத்தைச் சேர்ந்த பெரிய கோயில் முதலியவற்றின் வாயில்களும் நமக்குத் திறந்தன. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. நம் பாட்டன்மார் அளந்த நெல்லைக் குறித்த கல்வெட்டுகளை நம்மவர் அருகில் நின்று பார்க்க முடிந்தது அதன் பின்னரே.

அக்கல்வெட்டுகளில் இன்னொரு குறிப்பும் உண்டு. வெள்ளாளர் சுடுகாடு, பறையர் சுடுகாடு என இரண்டு தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. கோயில் வாயிலுக்குச் சட்டம் வந்துவிட்டது. சுடுகாடு மட்டும் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் இரண்டாகவே இருக்கிறது.