இருட்கிரணங்கள் ஏற்றிய ஒளி

1800ஆம் ஆண்டில் வானசாஸ்திரி வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டைக் கண்ணாடி விரித்துக் காட்டிய சூரிய ஒளியின் நிறங்களில் ஒவ்வொன்றாக உஷ்ணமானியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் உஷ்ணம் எல்லாவற்றையும்விட மிகுந்திருக்கக் கண்டார். அந்த அதிருசியக் கிரணங்களைக் கொண்டே ஒளியை உண்டாக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

கேள்வியை 1863இல் அறிஞர் சபையில் எழுப்பியவர் ஏக்கின் என்ற ஹங்கேரிய பௌதிக சாஸ்திரி. செய்து முடித்தவரோ லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியராயிருந்த ஜான் டிண்டால். யார் முந்தியவர் என்று இருவருக்குள் எழுந்த வழக்கு கசப்பானது. யோசனை ஏக்கினுடையதே என்றாலும், யோசனை வேறு, சாதனை வேறு என்பதே என் கட்சி.

சாதனையின் சூட்சுமமெல்லாம் ஒரு வடிகட்டியில் இருந்தது. கார்பன் டைசல்பைடு என்னும், எளிதில் தீப்பற்றும் திரவத்தில் அயோடினைக் கரைத்தால், அக்கரைசல் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் விழுங்கிவிட்டு, உஷ்ணக் கிரணங்களை மட்டும் ஏறக்குறையத் தடையின்றிப் போகவிடுகிறது. கரிமுனைகளுக்கிடையே எரியும் மின்விளக்கின் கதிர்களைக் குழியாடியால் குவித்து, வழியில் இக்கரைசலை நிறுத்தினார் டிண்டால். குவியத்தில் இருட்டுதான், ஆனால் அவ்விருட்டில் நீட்டிய கரிய காகிதம் தீப்பற்றியது, கருமை பூசிய பிளாட்டினத் தகடு சிவந்து, பின் வெண்மையாகச் சுடர்விட்டது.

கிரணமே உருமாறி ஒளியாயிற்று என்று கொள்வது பிழை. தகடு கிரணத்தை உண்டு சூடேறுகிறது. திடப் பொருள்கள் சுமார் 525 டிகிரி சென்டிகிரேடில் ஒளிவிடத் தொடங்கும் என்று 1847இலேயே டிரேப்பர் என்ற விஞ்ஞானி கண்டிருந்தபடி, அச்சூட்டினால் தானே ஒளிவிடுகிறது. புற ஊதாக் கிரணங்கள் பட்ட குவினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஸ்டோக்ஸ் என்ற சாஸ்திரி 1852இல் விளக்கினாரே, சூடேறாமலே எழும் அவ்வொளி வேறு வகை.

டிண்டால் அத்துடன் நிற்கவில்லை. கண்மணியைவிடச் சற்றே பெரிய துளையிட்ட உலோகத் தகட்டின் பின்னால் தம் கண்ணையே அக்குவியத்தில் வைத்துப் பார்த்தார். ஒளியென்று ஒன்றும் தோன்றவில்லை. கண்ணை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிளாட்டினத்தை வைத்ததும் அது கனன்றது. கண்ணாடி உலைத் தொழிலாளரின் கண்களில் இவ்வகைக் கிரணங்கள் புரை வளர்ப்பதைப் பிற்கால வைத்தியர்கள் உணர்ந்தார்கள். ஆகையால் வாசகர்கள் அவருடைய துணிவை மெச்சலாமே தவிர, பின்பற்ற வேண்டாம்.