இரண்டாம் படமா, மூன்றாம் படமா? ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்து

வின்ஸ்டன் ராய்ஸ் பெரிய மென்பொருள் திட்டங்களின் மேலாண்மை பற்றி 1970இல் எழுதிய கட்டுரையை, படிகளை வரிசையாக முடித்து இறங்கும் அருவி முறையின் பிறப்புச் சான்றிதழாகக் கருதிய காலம் போய்விட்டது. ‘அருவி’ என்ற சொல்லே அதில் இல்லை. அந்தப் பிழையைத் திருத்த வந்த வாசிப்பு இன்று செல்வாக்குடன் நிற்கிறது: ராய்ஸ் படிவரிசையை மறுத்தவர், சுழல்முறை வளர்ச்சியின் முன்னோடி, அஜைல்காரர்கள் 2001இல் சொன்னதை அன்றே சொன்னவர். திருத்தமே புதிய பிழையாகிவிட்டது என்பது என் கருத்து.

ஏழு படிகளும் வரிசையாக இறங்குவதை ராய்ஸின் இரண்டாம் படம் காட்டுகிறது. இதைச் செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அவர் எச்சரிப்பதே புதிய வாசிப்பின் ஒற்றைத் தூண். ஆனால் வாதத்தின் ஓட்டத்தில் அந்த எச்சரிக்கை இரண்டாம் படத்தின் விளக்கத்தை அடுத்து வரவில்லை. மூன்றாம் படத்தின் விளக்கத்துக்குப் பின் வருகிறது. மூன்றாம் படத்திலோ அடுத்தடுத்த படிகளுக்கிடையே திரும்பிச் செல்லும் அம்புகள் ஏற்கெனவே உள்ளன. சுழற்சி இல்லாததுதான் குறை என்றால், அதற்கு இடமளித்த படத்தை அவர் ஏன் ஆபத்தானது என்கிறார்? அதே வாக்கியத்தின் முற்பகுதியில், இந்தக் கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும் சொல்கிறார். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, இந்த அணுகுமுறை அடிப்படையில் சரியானதே என்று மீண்டும் உறுதிசெய்கிறார்.

குறை எங்கே என்பதை நான்காம் படம் சொல்கிறது. பின்வாங்கல் பக்கத்துப் படியோடு நிற்பதில்லை. நேரம், நினைவக இடம், உள்ளீடு-வெளியீட்டுப் பரிமாற்றம் ஆகியவற்றை முதன்முதலில் நேரில் சந்திப்பது சோதனைக் கட்டத்தில்தான். கணக்குப் போட்டு முன்கூட்டியே துல்லியமாக அறிய முடியாதவை அவை. அங்கே தவறினால் வேலை வடிவமைப்புக்கோ தேவை வரையறைக்கோ திரும்பும். செலவோ காலமோ நூறு விழுக்காடு வரை மிகலாம் என்கிறார். ஆக, ராய்ஸுக்குச் சுழற்சி வளர்க்க வேண்டிய பண்பன்று, அணைபோட வேண்டிய கசிவு. அவர் தரும் ஐந்து பரிகாரங்களையும் இந்தக் கோணத்தில் படித்தால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

‘இருமுறை செய்’ என்ற பரிகாரத்தை எடுத்துக்காட்டி மறுப்போர் உண்டு. முப்பது மாதத் திட்டமென்றால் முன்னோட்டப் பதிப்புக்குப் பத்து மாதம் ஒதுக்கலாம் என்கிறார் ராய்ஸ். அதுவும் அத்தகைய நிரல் முதன்முறையாக எழுதப்படும்போது. ஒரே ஒரு ஒத்திகை, பிறகு படிவரிசை. வாடிக்கையாளரை ஈடுபடுத்தச் சொல்வதும் முறையான ஆய்வுக் கூட்டங்கள் வழியாக அவரை முன்கூட்டியே உறுதியளிக்க வைக்கத்தான். தம் தந்தை எப்போதும் சுழல்முறை ஆதரவாளரே என்ற ராய்ஸின் மகனின் பிற்காலச் சான்றும் காட்டப்படுகிறது. அது தந்தையைப் பற்றிய சான்று; 1970ஆம் ஆண்டு வாசகத்தைப் பற்றியதன்று.

ராய்ஸ் எழுதியது ஒன்பதாண்டு விண்கலப் பணி அனுபவத்திலிருந்து: பயணத் திட்டமிடல், கட்டளையிடல், பயணத்துக்குப் பிந்தைய பகுப்பாய்வு. விண்கலத்தின் பாதையைத் தீர்மானிப்பது இயற்பியல்; கணினி எப்படி நடந்துகொள்ளும் என்பதே அங்கே பெரிய ஐயம். பயனர் மனம் மாறுவதும் சந்தை மாறுவதும் வேறு வகை மாற்றங்கள். அவற்றுக்கான மருந்தை இக்கட்டுரையில் தேடுவதில் பயன் இருப்பதாகத் தோன்றவில்லை. பணியிடம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே ஆவணங்களைக் குறைப்போம் என்று வாதிடும் மேலாளர்கள் இன்று ராய்ஸையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஐம்பது லட்சம் டாலர் வன்பொருளுக்கு முப்பது பக்க விவரக்குறிப்பு போதும், அதே மதிப்புள்ள மென்பொருளுக்கு 1,500 பக்கம் வேண்டும் என்றவர் அவர். பிறர் திட்டங்களை ஆராய அழைக்கப்பட்டால் முதலில் ஆவணங்களைத்தான் பார்ப்பாராம். அவை மோசமாகப் பின்தங்கியிருந்தால் அவருடைய முதல் பரிந்துரை, திட்ட மேலாண்மையை மாற்றுங்கள் என்பது.