நாளைய செய்தித்தாளைப் படித்தவர்கள்: ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயம் ஒன்றின் மறுவாசிப்பு

1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். இரண்டே நாளில், அதே நகரில் அமைதியைப் போதிக்கும் பெண்ணொருத்தி செத்தால்தான் உலகம் பிழைக்கும் என்னும் கதையை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் பருவத்தில் வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ அத்தியாயம் அது. இந்த நெருக்கம் தற்செயல்தான். படப்பிடிப்பு முன்பே முடிந்திருந்தது. ஆனாலும் எச். புரூஸ் ஃபிராங்க்ளின் போன்ற ஆய்வாளர்கள் இதை வியட்நாம் காலத்தோடு சேர்த்தே வாசித்தார்கள். போர் தவிர்க்க முடியாத தீமை என்ற வாதம் இதில் ஒலிப்பதாகக் கண்டார்கள். அந்த வாசிப்பில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

மருந்து தவறுதலாக உடலில் ஏறிப் பித்துப்பிடித்த விண்கல மருத்துவர் மெக்காய், காலவாயில் ஒன்றில் பாய்ந்து 1930இன் நியூயார்க்குக்குப் போய்விடுகிறார். வரலாறு மாறி, விண்கலமே இல்லாமற்போகிறது. அவரைத் தேடிப் போகும் கலத்தின் தலைவன் கர்க்கும் அவனுடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தும் ஈடித் கீலரிடம் அடைக்கலம் புகுகிறார்கள். கர்க் அவள்மீது காதல் கொள்கிறான். ஸ்பாக்கோ ரேடியோ வால்வுகளைக் கோத்து, தன் கருவி பதிவுசெய்த காலக்காட்சிகளை ஓட்டிப் பார்க்கிறான். ஒரு பதிவில் அவள் 1930இலேயே சாலை விபத்தில் இறக்கிறாள். இன்னொன்றில் ஆறு ஆண்டு கழித்து அதிபர் ரூஸ்வெல்ட் அவளோடு கலந்து பேசுகிறார். பிழைத்தால் அவள் தொடங்கும் அமைதி இயக்கம் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதற்குள் ஜெர்மனி அணுகுண்டு செய்து உலகை வெல்லும். அவள் சொன்னது சரி, காலம்தான் தவறு என்பது ஸ்பாக்கின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது? வரப்போகும் நாளின் செய்தித்தாளைப் படித்துவிட்டதன்மேல். 1965 ஜூலை 28 அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்த அதிபர் ஜான்சன், வியட்நாமில் பின்வாங்கலாகாது என்பதற்கு ஹிட்லரையும் அவனுக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கையையும் சான்று காட்டினார். மியூனிக் அவருக்கு நேற்றைய செய்தி. அதையே நாளைய செய்திபோல் வாசித்துக் காட்டினார். ஸ்பாக்கின் கருவி அவர் கையில் இல்லை. போருக்கு ஆதரவாக இக்கதையை வாசிப்பவர்கள் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த முடிவுக்குக் கதை விதிக்கும் நிபந்தனையைக் கோட்டை விடுகிறார்கள்.

அந்தச் செய்தித்தாளும் அப்படியொன்றும் நம்பகமானதல்ல. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரில் நடத்திய தாக்குதல். நான்கு நாள் கழித்து ஜெர்மனி தானாகவே அமெரிக்காமீது போர் அறிவித்தது. போரில் சேரக்கூடாதென்று வலுவாக இயங்கிய ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழு அதே வாரத்தில் கலைந்துவிட்டது. ஒரு கஞ்சித்தொட்டிக்காரி இதையெல்லாம் எப்படித் தடுத்திருப்பாள்? கதையில் ஜப்பான் என்ற பேச்சே இல்லை. எழுதியவர்கள் வசதிக்கேற்ப ஒரு வரலாற்றை அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் 1967இன் சராசரிப் பார்வையாளர் இந்த ஓட்டையைத் துழாவியிருக்கமாட்டார். அவருக்கு ஹிட்லர் என்ற பெயர் போதும். ஃபிராங்க்ளினோடு நான் உடன்படும் பாதி இதுதான்.

மறுபாதிக்கு மூலப்பிரதியைப் பார்க்கவேண்டும். கதையை எழுதிய ஹார்லன் எலிசன், பலர் கைபட்டு அது மாறியதைக் கடைசிவரை பொறுக்கவில்லை. அவருடைய மூலப்பிரதி எழுத்தாளர் சங்க விருது பெற்றது. ஒளிபரப்பான வடிவம் 1968இல் ஹியூகோ விருது பெற்றது. மூலத்தில் கடைசி நொடியில் கர்க்கால் செயல்பட முடிவதில்லை. ஸ்பாக்தான் குறுக்கே நிற்கிறான். திரையிலோ, ஈடித்தைக் காப்பாற்றப் பாயும் மெக்காயைக் கர்க்கே கட்டிப்பிடித்து நிறுத்துகிறான். எலிசன் கோபித்தாலும் சரி, இந்த ஒரு மாற்றம் கதைக்கு நல்லதையே செய்தது என்பேன். மூலத்தில் காதலன் தோற்றுப்போகிறான், தர்க்கம் அவன் வேலையைச் செய்துவிடுகிறது. திரையில் அந்தச் சாவு அவன் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது.

மெக்காயையும் கவனிக்கவேண்டும். ஸ்பாக்கின் பதிவில் வந்த ரூஸ்வெல்ட் சந்திப்பும் அவருக்குத் தெரியாது, ஜெர்மனியின் அணுகுண்டும் தெரியாது. சாலையில் ஒருத்தி சாகப்போகிறாள், மருத்துவர் ஓடுகிறார். என்ன செய்தாய் என்று தெரிந்துதான் செய்தாயா என்று கர்க்கைக் கேட்கிறார். தெரிந்துதான் செய்தான் என்று ஸ்பாக் பதில் சொல்கிறான். 1967இல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும், வெள்ளை மாளிகையில் இருந்தவர் உட்பட, மெக்காயின் இடத்தில்தான் இருந்தார்கள். ஸ்பாக்கின் இடத்தில் ஒருவரும் இல்லை.

எல்லாம் பழையபடி ஆனதும், இன்னும் இதுபோன்ற பயணங்கள் பல உண்டு என்று காலவாயில் ஆசை காட்டுகிறது. கர்க் அதற்குப் பதில் சொல்வதில்லை. அக்காலத் தொலைக்காட்சியில் அபூர்வமாகவே காதில் விழும் ஒரு கடுஞ்சொல்லைச் சேர்த்து, இங்கிருந்து கிளம்புவோம் என்று மட்டும் சொல்கிறான்.