ஓய்வு பெறாத ராங்க்



பட்டாளத்தில் பணியாற்றி ஊர் திரும்பியவர்கள் நம் கணபதியிலும் உண்டு. பெயர் சொல்லி அழைப்பதைவிட 'மிலிட்டரிக்காரர்' என்றே அவர்களை அழைத்துப் பழகிவிட்டோம். சிலர் வீட்டு வாசலில் பெயருக்கு முன் 'சுபேதார்', 'கேப்டன்' என்று எழுதியிருக்கும். சீருடையைக் கழற்றிய பின் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்று சிந்திப்போம்.

ராணுவ அதிகாரிகள் ஓய்வுக்குப் பிறகும் தங்கள் ராங்கைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். 'ஓய்வு' என்ற குறிப்பை ராங்குக்குப் பின்னால் போடாமல், பெயருக்குப் பின்னால் போட வேண்டும் என்பது படையின் மரபு. ஓய்வு பெறுவது மனிதர்தான், ராங்க் அல்ல என்பது அதற்கு அவர்கள் தரும் விளக்கம். ஹவில்தாராக இருந்தவர்களில் சிலருக்கு ஓய்வு பெறும்போது 'கௌரவ நாயிப் சுபேதார்' நிலை வழங்கப்படுகிறது. அந்த நிலையில் அவர் இனி யாருக்கும் உத்தரவிடப் போவதில்லை. அவர் உழைப்புக்கு நாடு சொல்லும் நன்றி அது.

நம் ராணுவத்தில் ஃபீல்டு மார்ஷல் என்ற மிக உயர்ந்த நிலையை இதுவரை பெற்றவர்கள் இருவரே. அந்த நிலை ஆயுள் முழுவதும் நீடிக்கும். 1971 போரில் படையை நடத்திய சாம் மானெக்‌ஷா 1973 ஜனவரி 1 அன்று அதைப் பெற்றார். அதே மாதம் தலைமைத் தளபதி பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு நமக்கு அருகிலுள்ள குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அந்த நிலைக்குரிய சம்பளப் பாக்கி அவர் கைக்கு வந்தது 2007-ல்தான். ராங்கைத் தந்த நாடு, அதற்குரிய கடனைச் செலுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இன்னொருவர் குடகு நாட்டைச் சேர்ந்த கரியப்பா. 1949 ஜனவரி 15 அன்று நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர். 1953-ல் ஓய்வு பெற்றார். 1965 போரில், விமானப்படையில் இருந்த அவருடைய மகன் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். அப்போது அந்நாட்டு அதிபராக இருந்த அயூப் கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். பழைய தளபதியின் மகனை விடுவிக்க அவர் முன்வந்தார். கரியப்பா அதை ஏற்கவில்லை. சிறைப்பட்ட வீரர்கள் எல்லாருமே தமக்கு மக்கள்தாம், எல்லாரையும் ஒன்றுபோல நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். மகன் மற்ற கைதிகளோடு 1966-ல்தான் வீடு திரும்பினார்.

அன்று கரியப்பாவிடம் ஆணையிடும் அதிகாரம் இல்லை. பழைய ராங்கின் மதிப்பு மட்டுமே இருந்தது. அதைத் தம் மகனுக்காகப் பயன்படுத்தியிருந்தால் எந்தத் தகப்பனும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார். ஃபீல்டு மார்ஷல் நிலை அவருக்கு 1986-ல்தான் வந்தது. ஆனால் அந்த நிலைக்குத் தாம் தகுதியானவர் என்பதை அவர் 1965-லேயே காட்டிவிட்டார்.

நற்செய்தியில் வரும் கப்பர்நாகும் நூற்றுவர் தலைவரையும் நினைத்துப் பார்ப்போம். தம் சொல்லுக்குப் படைவீரர்கள் கட்டுப்படுவார்கள் என்று நன்கு அறிந்தவர் அவர். ஆனாலும் தம் பணியாளருக்காக ஆண்டவரிடம் தாமே வந்து மன்றாடினார்.

ஆகவே, சேவையிலிருந்து வந்த சகோதரர்களே, வீடு அணிவகுப்பு மைதானம் அல்ல. மனைவியும் மருமகளும் உங்கள் படைப்பிரிவு அல்ல. ராங்க் உங்களிடம் இன்னும் கேட்பது கட்டளையை அல்ல, கடமையை.

மற்ற நமக்கும் ஒரு கடமை உண்டு. சத்தி ரோட்டில் ஏதோ ஒரு பட்டறை வாசலிலோ ஏ.டி.எம். வாசலிலோ இரவெல்லாம் காவல் நிற்கும் பெரியவர் ஒரு காலத்தில் எல்லையில் நின்றவராக இருக்கலாம். 'யோவ் வாட்ச்மேன்' என்று அவரை அழைக்கும் முன் ஒரு கணம் நிற்போம். "ஐயா, எந்த ரெஜிமெண்ட்டில் இருந்தீங்க?" என்று கேட்டுப் பார்ப்போம்.