சாண எரிவாயுக் கலன்: வீட்டு அடுப்புக்கான அரசு மானியமும் விதிகளும்

சாண எரிவாயுக் கலன் என்பது மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டு, அடுப்பெரிக்கும் வாயுவை எடுக்கும் அமைப்பு. ஊர்ப்பேச்சில் இதற்குக் கோபர் கேஸ் என்று பெயர். குளிர்நாடுகளில் வீட்டுக்கான புதுப்பிக்கத்தக்க வெப்பம் என்றால் அறையைச் சூடாக்குவதைக் குறிக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் அறைக்குச் சூடு கேட்பவர் யாருமில்லை. சித்திரை வெயிலில் இருக்கிற சூட்டை இறக்கத்தான் வழி தேடுகிறார்கள். இங்கே வீட்டுக்கு வெப்பம் வேண்டிய இடம் அடுப்பங்கரை. மார்கழிக் குளியலுக்கான வெந்நீர் அதற்குப் பிறகுதான். ஆகவே புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு அரசு தரும் பணம் என்று இந்தப் பக்கத்தில் தேடினால் கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றை ஒட்டிய திருவெண்ணெய்நல்லூர் வட்டாரம் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பக்கத்துப் பெரியசெவலையில் இருக்கிறது. அம்மன் பசுவெண்ணெயால் கோட்டை கட்டி, அதன் நடுவே தீ வளர்த்துத் தவம் செய்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பது தலபுராணக் கதை. வெண்ணெய் உருகாமல் தீ எரிந்தது எப்படி என்பதைப் புராணத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம். பசுவையும் அடுப்பையும் சேர்த்து நினைக்க இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வரட்டி தட்டிக் காயவைத்து எரிப்பது பழைய வழி. அதில் சாணத்தின் எருச்சத்து புகையோடு போய்விடும். கலனில் போட்டால் வாயுவும் கிடைக்கும், எருவும் மிஞ்சும்.

வேலை நடக்கும் விதம்

காலையில் கொட்டகையைக் கூட்டி அள்ளிய சாணத்தில் வைக்கோல் தாளும் மண்ணும் கலந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கலவைத்தொட்டியில் ஒரு கூடைச் சாணத்துக்கு அதே அளவு தண்ணீர் ஊற்றி, கட்டி இல்லாமல் கையாலோ மட்டையாலோ கரைக்க வேண்டும். தாள் உள்ளே போனால் மேலே மிதந்து ஆடைபோல் படிந்து, வாயு எழும்புவதைத் தடுக்கும். கரைத்து முடித்து அடைப்பை எடுத்தால் கரைசல் குழாய் வழியாக அடித்தொட்டிக்கு இறங்கும். அதே அளவு பழைய கரைசல் மறுபுறம் வெளியேறும். புதுக் கரைசலுக்குச் சாணத்தின் வாடை உண்டு. வெளியே வருவதில் அது ஏறக்குறைய இராது, ஈயும் அதிகம் மொய்க்காது.

உள்ளே காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைத்து மீத்தேனையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன். இந்த நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பிடிக்கும். 20 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். மலைமாநிலங்களில் சாணம் 55 நாள் தொட்டிக்குள் கிடக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பெரிதாகக் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் 30 முதல் 40 நாள் போதும், தொட்டியும் சிறிதாகிறது. நம் வெயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வாய்க்கும் இடங்களில் இது ஒன்று.

அளவைக் கன மீட்டரில் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ ஈரச் சாணம் வேண்டும். வீட்டு பர்னர் ஒன்று மணிக்குச் சுமார் 0.45 கன மீட்டர் குடிக்கும். அப்படியானால் 2 கன மீட்டர் கலன் ஒரு பர்னரை நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே எரிக்கும், ஐந்தாறு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு அது ஆகும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. நாள் தவறாமல் 50 கிலோ சாணம் கரைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை இந்தக் கலன் பதினாறு பதினேழு நாளில் மிச்சப்படுத்தும்.

அந்த 50 கிலோ எங்கிருந்து வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடொன்றுக்குப் பத்துக் கிலோ என்று வைத்தால் ஐந்து மாடு வேண்டும். மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடாக இருந்தால் இராத்திரி கொட்டகையில் விழுவது மட்டுமே கணக்கில் சேரும். கையிருப்பு மாட்டைப் பார்க்காமல் மானியத் தொகையைப் பார்த்துப் பெரிய அளவாகக் கட்டிவிட்டு, சாணம் போதாமல் கைவிட்டது நாடு முழுவதும் கண்ட குறை.

மானியத்தின் வரலாறு

ஜஷ்பாய் பட்டேல் 1950-களில் வடிவமைத்த மிதக்கும் டிரம் கலனைக் காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களின் தொடக்கத்தில் எடுத்துப் பரப்பியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி அரசை உலுக்கியது. 1981–82-இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் வந்தது. நடுவண் மானியம் நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் போகத் தொடங்கியது அப்போதுதான். டிரம் கலனில் ஒரு வசதி உண்டு: டிரம் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்று பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாலே இன்றைக்குச் சோறு ஆக்க வாயு தேறுமா என்று தெரிந்துவிடும். ஆனால் இரும்பு டிரம் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்காவிட்டால் ஓட்டை விழும். விலையிலும் பெரும்பங்கு டிரம்முக்கே போகும். இரும்பே வேண்டாம் என்று செங்கல் குவிமாடத்தை மண்ணுக்குள் கட்டும் ஜனதா மாதிரி 1978-இலும், அதைச் சிக்கனமாக்கிய தீனபந்து மாதிரி 1984-இலும் வந்தன. தீனபந்து என்றால் ஏழைகளின் நண்பன். இந்த நண்பனுக்குக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். குவிமாடத்தின் உட்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு தங்காது. கட்டவும் பராமரிக்கவும் ஆட்களைப் பயிற்றுவிக்க நடுவண் அரசு மாநிலங்களில் மையங்கள் அமைத்தது; தமிழ்நாட்டுக்கான மையம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் செயல்பட்டது.

2018-இல் திட்டத்தின் பெயரிலேயே இயற்கை எருவையும் சேர்த்தார்கள். அப்போது பொதுப் பிரிவினருக்கு 1 கன மீட்டருக்கு 7,500 ரூபாயும் 2 முதல் 6 கன மீட்டர் வரை 12,000 ரூபாயும் மானியம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி ஆற்றல் திட்டம் 2021–22 முதல் 2025–26 வரையான நிதியாண்டுகளுக்கானது. முதல் கட்டத்துக்கு ஒதுக்கிய 858 கோடி ரூபாயில் சாண எரிவாயுவின் பங்கு 100 கோடி. இதன்படி பொதுப் பிரிவில் 1 கன மீட்டர் கலனுக்கு 9,800 ரூபாய், 2 முதல் 4 கன மீட்டருக்கு 14,350, 6 கன மீட்டருக்கு 22,750. பட்டியல் சாதி, பழங்குடிப் பயனாளிகளுக்கு இதே வரிசையில் 17,000, 22,000, 29,250. கழிப்பறையையும் கலனோடு இணைத்தால் கூடுதலாக 1,600 ரூபாய். 2-க்கும் 4-க்கும் ஒரே தொகை என்பதைக் கவனித்தால், தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டும் ஆசைக்கு இந்த அட்டவணை ஓரளவு கடிவாளம் போடுவது தெரியும்.

பட்டியல் சாதியினருக்கான கூடுதல் தொகை நியாயமானது. ஆதிதிராவிடர் அதிகம் வாழும் இந்த மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவது. ஆனால் பணத்துக்கு முன்னால் இடம் வேண்டும். 2 கன மீட்டர் தீனபந்துவுக்குக் குழியே எட்டடி அகலம். கலவைத்தொட்டி, வெளிப்போக்குத் தொட்டி, எருக்குழி எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூன்று சென்ட் மனையில் தொகுப்பு வீடு கட்டியவருக்குப் பின்வாசலே மிஞ்சாது. நிலமும் மாடும் உள்ளவரிடம்தான் திட்டம் எளிதாகப் போய்ச் சேருகிறது.

விதிகள்

கலன் ஒப்புதல் பெற்ற மாதிரிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9478, அடுப்புக்கு ஐ.எஸ். 8749. மானியம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் பயனாளிக்கே நேராக வரும். கட்டித்தந்த நிறுவனம் ஐந்தாண்டு பராமரிப்புக்குப் பொறுப்பு. குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, மர வேர் எட்டாத இடத்தில், வெயில் படும்படி, கொட்டகைக்கும் சமையலறைக்கும் பக்கத்தில் கட்டுவது நல்ல வழக்கம். குழாய் நீண்டால் அழுத்தம் குறையும். அழுத்தம் ஏற்கெனவே கொஞ்சம்தான்: எட்டு சென்டிமீட்டர் தண்ணீரின் எடை அளவு. அதனால் சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. துளை பெரிதான தனி அடுப்பு வேண்டும். வாயுவோடு வரும் ஈரம் குழாயின் பள்ளத்தில் தண்ணீராகத் தேங்கும். சுடர் குதித்துக் குதித்து எரிந்தால் வடிகால் திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை விட வேண்டும், அவ்வளவுதான். கலன் கெட்டுவிட்டது என்று இந்தக் கட்டத்தில் சிலிண்டருக்குத் திரும்பியவர்கள் உண்டு.

கட்டி முடித்ததும் முதல் நிரப்புக்குச் சுமார் இரண்டு டன் சாணம் தேடித் திரட்ட வேண்டும். வாயு சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் வருவது காற்றும் கரியமில வாயுவும் கலந்தது, எரியாது. அதைப் பற்றவைத்துப் பார்க்காமல் வெளியே விட்டுவிடுவதே பத்திரம்.

இந்த விதிகளெல்லாம் கட்டுவதோடு நின்றுவிடுகின்றன. தினமும் சாணம் கரைப்பவருக்கு எந்த அட்டவணையிலும் வரிசை இல்லை. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணின் விடிகாலை வேலை. 2006-க்குப் பிறகு மாநில அரசு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா வந்தது. திருகினால் எரியும் அடுப்பு வீட்டுக்குள் வந்த பிறகு, கலன் நிலைப்பது சிலிண்டர் விலையையும் சாணம் கரைக்கும் கையையும் பொறுத்த கணக்காகிவிட்டது.

பிற வெப்பங்கள்

சூரிய வெந்நீர்க் கலனுக்குத் தேசிய சூரிய இயக்கத்தின் கீழ் 30 சதவீத மானியம் இருந்தது. 2014-இல் அதை நிறுத்தினார்கள். இப்போது பணம் கூரை மின்தகடு பக்கம் பாய்கிறது: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். தகடு உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். அந்த மின்சாரத்தில் இண்டக்ஷன் அடுப்பு எரித்தால் அதுவும் புதுப்பிக்கத்தக்க வெப்பமே.

பிரிட்டனில் 2014 முதல் 2022 மார்ச் வரை வேறு முறை இருந்தது. அங்கே வெப்ப பம்ப்போ சூரிய வெந்நீர்க் கலனோ வைத்த வீட்டுக்கு ஏழாண்டு காலம் காலாண்டுதோறும் பணம் கொடுத்தார்கள். கட்டியதற்கு ஒரேயடியாக அன்றி, அது தரும் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்ட தொகை அது. அதை மூடிவிட்டு, இப்போது வெப்ப பம்ப்புக்கு 7,500 பவுண்டு வரை ஒரே தவணையில் தருகிறார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கே, வானூர் பக்கம் ஆரோவில் பொதுச் சமையலறையின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று 1990-களின் இறுதியிலிருந்து வானம் பார்த்து நிற்கிறது. கிண்ணம் அசையாது, குவியும் வெயிலைத் தேடி அதன் மேலுள்ள கொதிகலன்தான் நகரும். அதன் நீராவியில் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். மேகம் மூடிய நாளில் டீசல் கொதிகலன் கைகொடுக்கும்.