எட்டு நொடி வேட்பாளர்: பிரேசிலின் வெகுசன அரசியலும் சமூக ஊடகமும்

மக்களை ஒருபுறமும் ஊழல் மிகுந்த மேட்டுக்குடியை மறுபுறமும் நிறுத்தி, மக்களின் உண்மையான குரல் தானே என்று ஒரு தலைவர் உரிமை கோரும் அரசியல் வெகுசனவாதம் எனப்படுகிறது. இது இணையத்தோடு பிறந்ததன்று. பிரேசிலை 1930 முதல் 1945 வரை ஆண்ட கெதுலியோ வர்காஸ் வானொலி வழியே வீடுகளுக்குள் நுழைந்தார். 1935இல் தொடங்கிய அரசு நிகழ்ச்சியைப் பின்னர் எல்லா நிலையங்களும் கட்டாயமாக ஒலிபரப்பின.

பிற்காலத்தில் அந்த இடத்தைத் தொலைக்காட்சி பிடித்தது. தேர்தல் காலத்தில் இலவச ஒளிபரப்பு நேரத்தைச் சட்டமே கட்சிகளுக்குப் பங்கிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிகமுள்ள கூட்டணிக்கு அதிக நேரம். அந்த நேரத்துக்காகவே கூட்டணிகள் பேரம் பேசப்பட்டன.

2018 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், ஒவ்வொரு ஒளிபரப்பிலும் ஜெரால்டோ அல்க்மினுக்கு 5 நிமிடத்துக்கும் மேல் கிடைத்தது. ஜாயிர் போல்சொனாரோவுக்கு 8 நொடி. அல்க்மின் 5 சதவீத வாக்கைக்கூடத் தொடவில்லை. போல்சொனாரோ 46 சதவீதம் பெற்று, அக்டோபர் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் 55 சதவீதத்துடன் வென்றார். ஊழல் வழக்குகளால் பழைய கட்சிகள் மீது எழுந்த வெறுப்பும், செப்டம்பர் 6 அன்று அவர் கத்திக்குத்துக்கு ஆளானபின் செய்திகளில் கிடைத்த இடமும் இதில் சேரும். ஆயினும் நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் சட்டத்திடமிருந்து நழுவிவிட்டது என்பது அன்று தெளிவாயிற்று.

அது யாரிடம் போயிற்று? யூடியூப் 2012இல் பார்வை எண்ணிக்கைக்குப் பதிலாகப் பார்க்கும் நேரத்தை முதன்மை அளவுகோலாக்கியது. நண்பர்களிடையே உரையாடலைக் கிளப்பும் பதிவுகளை முன்னிறுத்தப் போவதாக முகநூல் 2018 சனவரியில் அறிவித்தது. சண்டையும் உரையாடல்தானே! வாட்ஸ்அப்பின் கதை வேறு: குழுச் செய்திகளை வரிசைப்படுத்தும் படிமுறை (அல்காரிதம்) அதில் இல்லை, மனிதர்களே பகிர்ந்தனர். பல கைபேசித் திட்டங்களில் வாட்ஸ்அப்புக்குத் தரவுக் கட்டணமும் இல்லை. வந்த செய்தி மெய்யா என்று இணையத்தில் தேடிப் பார்க்கத்தான் காசு.

போல்சொனாரோவுக்கு ஆதரவான மொத்தச் செய்தி அனுப்பல்களுக்குத் தொழிலதிபர்கள் பணம் கொடுத்ததாக 2018 அக்டோபரில் ஃபோல்யா நாளிதழ் எழுதியது. போதிய சான்று இல்லையென்று 2021இல் தேர்தல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மறையாக்கம் செய்யப்பட்ட குழுக்களில் நடந்ததை எப்படி நிறுவுவது?

2022இல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற போல்சொனாரோ, 2030 வரை தேர்தலில் நிற்கக் கூடாதென 2023 சூனில் தடை செய்யப்பட்டார். வெளிநாட்டுத் தூதர்களை அழைத்து வாக்கு இயந்திரங்களைத் தூற்றிய கூட்டமே அதற்குக் காரணம். அக்கூட்டத்தை நேரலையாகக் காட்டியது அரசுத் தொலைக்காட்சி.